இரண்டு செங்கல் கோபுரங்கள்

நாகப்பட்டினத்துக்கு வடக்கே, நாகூர் போகும் பக்கத்தில், 1867 வரை ஒரு செங்கல் கோபுரம் நின்றது. சதுரமான அடி, மூன்று நிலை. ஊர்மக்கள் புதுவெளிக்கோபுரம் என்றார்கள். சீனக் கோபுரம் என்றும் பெயர். கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் கரை அடையாளம். சிதைந்துகொண்டிருந்த அதை அரசின் அனுமதியோடு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் போய்ப் பார்த்து எழுதிவைத்த குறிப்பும் அப்போது வரைந்த படமும் இல்லையென்றால், அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்களுக்கு என்றால் எனக்கும் நானாவுக்கும். அவர் நாகூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தார். அவருடைய தங்கைகள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் நானா என்றே கூப்பிடப் பழகி, நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்த எலியட் படத்தை முதலில் எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

கோபுரம் நின்ற ஊரில்தான் சூடாமணி விகாரை இருந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசர்கள் கட்டிய பௌத்தப் பள்ளி அது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலத்தின் வருவாயை அதற்கு எழுதிக் கொடுத்தான். சிவனுக்குத் தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிக்கொண்டிருந்த அதே கை, புத்தருக்கு ஊர் எழுதிக் கொடுத்தது. அந்தச் செப்பேடு டச்சுக்காரர்கள் வழியாக லெய்டன் நகரத்துக்குப் போய் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. விகாரை கட்டிய அரசனைச் சைலேந்திர குலத்தவன் என்று அது சொல்கிறது.

சைலேந்திரர் என்ற பெயர்தான் எங்களை ஜாவாவுக்கு இழுத்துப்போனது. போரோபுதூரைக் கட்டியவர்களும் சைலேந்திரர்களே. நம் ஊரில் கட்டியது போய்விட்டது, அவர்கள் ஊரில் கட்டியதையாவது பார்த்துவிட்டு வருவோம் என்றார் நானா. சென்ற ஆனி மாதம் கோலாலம்பூர் வழியாக யோக்யகர்த்தாவில் போய் இறங்கினோம்.

போரோபுதூரில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் கொடுக்கும் ஓலைச் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். தாழை வகை ஓலையில் பின்னியது. 1200 வருடத்துக் கல் தேய்ந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு; ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் மேலே ஏறலாம் என்ற கணக்கும் உண்டு. செருப்பின் பெயர் ‘உபானத்’. எனக்கு நம் ஸ்தபதிகள் ஞாபகம் வந்தது. கோயில் அதிட்டானத்தின் ஆக அடியில் உள்ள படையை அவர்கள் உபானம் என்பார்கள். காலுக்கும் கோயிலுக்கும் ஒரே சொல்.

எல்லோரும் படியேறி உச்சிக்கு ஓடினார்கள். நாங்கள் தென்கிழக்கு மூலைக்குப் போனோம். போரோபுதூரின் அடித்தளத்தைச் சுற்றி 160 சிற்பப் பலகைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முடியாது. கட்டிய காலத்திலேயே வெளிப்பக்கம் கனமான கல்வரிசை அடுக்கி மூடிவிட்டார்கள். மேலே ஏறிய பாரம் அடியைத் தள்ளத் தொடங்கியதும் முட்டுக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1885இல்தான் இந்த மறைந்த அடி வெளியே தெரிந்தது. 1890, 1891 ஆண்டுகளில் கல்வரிசையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஜாவாவின் முதல் புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான காசியான் செபாஸ் அத்தனையையும் படம் எடுத்தார். பிறகு திரும்ப மூடினார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் இன்று திறந்து கிடக்கின்றன.

நல்வினை தீவினையும் அவற்றின் பலனும்தான் அங்கே கதை. சில பலகைகளின் மேல் விளிம்பில் பழைய எழுத்தில் ஒரு சொல், இரண்டு சொல் வெட்டியிருக்கிறார்கள். சிற்பிக்கு மேஸ்திரி கொடுத்த குறிப்பு அவை. இந்த இடத்தில் என்ன செதுக்க வேண்டும் என்று தலைப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ‘விரூப’ என்று ஒன்று. கீழே, கோணல் முகமும் சுளிப்புமாக மனிதர்கள். இன்னொன்று ‘ஸ்வர்க’. வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்துவிட வேண்டிய எழுத்துகள். மூடிவிட்டதால் தப்பிவிட்டன. அந்த எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் போரோபுதூர் கி.பி. 800ஐ ஒட்டியது என்று காலம் கணிக்கிறார்கள். நான் பார்த்த கோயில் எதிலும், கட்டியவர்களின் வாய்ப்பேச்சு காதில் விழும் அளவுக்கு இவ்வளவு நெருக்கமாகப் போனதில்லை.

பிறகு மேலே ஏறினோம். ஆறு சதுரத் தளம், அதற்கு மேல் மூன்று வட்டத் தளம். கோயில் என்றால் உள்ளே போக வேண்டும் என்று பழகிய நமக்கு இது விசித்திரம்; உள்ளே போக இடமே கிடையாது, சுற்றிச் சுற்றி வலம் வந்து ஏறுவதுதான் வழிபாடு. 1460 கதைப் பலகைகள். முதல் சுற்றின் மேல்வரிசையில் புத்தரின் வாழ்க்கை 120 பலகைகளில் ஓடுகிறது. துஷித உலகத்திலிருந்து இறங்குவதில் தொடங்கி வாரணாசியில் முதல் உபதேசத்தோடு நின்றுவிடுகிறது. பரிநிர்வாணம் வரை போகாமல் பேசத் தொடங்கிய இடத்தில் கதையை நிறுத்தியது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குக் கீழ்வரிசையில் கப்பல்கள். இரண்டு பாய்மரம், பக்கத்தில் மிதவைக்கட்டை, கயிற்றைப் பிடித்து ஏறும் ஆட்கள். கடற்கரையில் வளர்ந்த நானா அந்தப் பலகை முன்னால் அசையாமல் நின்றார். இந்தச் சிற்பத்தைப் பார்த்தே ஒரு கப்பல் கட்டி, 2003இல் ஜாவாவிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப்போயிருக்கிறார்கள். கல்லில் இருந்த கணக்கு கடலில் தப்பவில்லை. அந்தக் கப்பல் வளாகத்தில் உள்ள காட்சியகத்தில் நிற்கிறது. “நம்ம ஊருக்கு வந்தவங்களோட கப்பலு” என்று அதன் பலகையைத் தடவப்போனவரைக் காவலர் தடுத்துவிட்டார்.

உச்சியில் துளையிட்ட 72 தூபிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர். மொத்தம் 504 புத்தர் உருவங்கள் இருந்த இடம். முந்நூறுக்கும் மேற்பட்டவை சிதைந்துவிட்டன. பெரும்பாலானவற்றுக்குத் தலை இல்லை. உலகத்து அருங்காட்சியகங்களிலும் பணக்கார வீடுகளிலும் போரோபுதூர்த் தலைகள் போய்ச் சேர்ந்தன. 1896இல் சயாம் மன்னர் வந்தபோது டச்சு அரசு எட்டு வண்டி நிறையச் சிற்பங்களை அன்பளிப்பாக ஏற்றி அனுப்பியது. 1985 ஜனவரியில் குண்டு வைத்து ஒன்பது தூபிகளைச் சேதப்படுத்தினார்கள். அதற்கு முன்பும் பின்பும் இதைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் இந்த மாவட்டத்து முஸ்லிம் தொழிலாளிகள். 1975 முதல் 1983 வரை யுனெஸ்கோ உதவியோடு நடந்த பெரிய திருப்பணியில் கல்லுக்கு எண் போட்டு, கழற்றி, கழுவி, அதே இடத்தில் வைத்தார்கள். 2010இல் மெராபி எரிமலைச் சாம்பல் மூடியபோதும் துடைப்பத்தோடும் வாளியோடும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்தான் ஏறினார்கள். தங்கள் மதம் இல்லாத ஒன்றுக்கு அவர்கள் செய்த கைங்கரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுநாள் பிரம்பானான். 47 மீட்டர் உயரத்துச் சிவன் கோயில், இரண்டு பக்கமும் பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் கோயில், எதிரே நந்தி. 856ஆம் ஆண்டின் சிவகிருகக் கல்வெட்டு இந்த வளாகத்தைத்தான் குறிக்கிறது என்பது பொதுவான முடிவு. சுற்றிலும் 224 சிறு கோயில்கள் இருந்தன. இன்று பெரும்பாலும் கற்குவியல். மூலக் கற்களில் போதுமான பங்கு கிடைத்தால் மட்டுமே ஒரு கோயிலைத் திரும்பக் கட்டுவது என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால் வளாகத்தில் பாதி இடம் வெறும் கல்தான். எனக்கு அந்த நேர்மை பிடித்தது. சிமெண்டில் வார்த்து வண்ணம் அடித்து ‘புதுப்பித்தோம்’ என்று பலகை வைக்கவில்லை.

சிவன் கோயிலில் நான்கு திசைக்கும் நான்கு கருவறை. கிழக்கே சிவன், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷனை மிதித்த துர்க்கை. நம் கோயில் கோட்டங்களில் வடக்குச் சுவரில் துர்க்கை நிற்பதுபோலவே. தெற்கே, நாம் தட்சிணாமூர்த்தியை வைக்கும் திசையில், தாடியும் தொந்தியும் கமண்டலமுமாக ஒருவர் நிற்கிறார். அகத்தியர். ஜாவாக்காரர்கள் அவரை பட்டார குரு என்பார்கள். நாம் பொதிகையில் அவரை உட்காரவைத்து நமக்கே உரியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தெற்குத் திசைக்குக் குரு என்ற அந்த எண்ணம் கடல் தாண்டியும் அதே திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்த இருட்டறையில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிராகாரச் சுவரின் உட்பக்கம் இராமாயணம். சேது கட்டும் இடத்தில் குரங்குகள் போடும் கல்லை மீன்கள் வாயில் கவ்வுகின்றன. 1961 முதல் இந்தக் கோயிலைப் பின்னணியாக வைத்து இராமாயண நாட்டியம் நடந்துவருகிறது. எங்கள் வண்டியை ஓட்டியவர், நாங்கள் மரியாதையாக ‘பாக்’ என்று கூப்பிட்டவர், தன் அண்ணன் மகள் அதில் வானரமாக ஆடியிருப்பதாகச் சொன்னார். நோன்பு மாதத்தில் எப்படி ஆடுவாள் என்று நானா கேட்டார். “புவாசா முடித்துவிட்டு ஆடுவாள்” என்றார்.

புவாசா என்றால் நோன்பு. உபவாசம்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அவரிடம் சொல் கேட்டுக்கொண்டே போனோம். மதத்துக்கு என்ன சொல்? அகாமா. நம் ஆகமம். நரகத்துக்கு? நெராக்கா. சொர்க்கத்துக்கு? சுர்கா. எனக்கு மயிர் கூச்செறிந்தது. போரோபுதூரின் மறைந்த அடியில் மேஸ்திரி வெட்டிவைத்த அதே சொல், இன்று வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் அவர்களுடைய பள்ளியில் ஒலிக்கிறது.

“நாம என்ன சும்மாவா” என்றார் நானா. “பள்ளிவாசல்ங்கறோமே, பள்ளி யாரோட சொல்லு?” உண்மைதான். சமணரும் பௌத்தரும் தங்கிய இடத்துக்குத்தான் முதலில் பள்ளி என்று பெயர். இராசராசன் ஊர் எழுதிக் கொடுத்ததும் ஒரு பள்ளிக்கே. நோன்பும் தொழுகையும்கூட நம் சொற்களே. தமிழ் முஸ்லிம்கள் பழைய சொல்லைக் கீழே போட்டுவிடவில்லை.

வடகரைக்கு ஏறினோம். செமாராங்கைத் தாண்டி டெமாக். பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த பள்ளிவாசல். ஜாவாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. குவிமாடம் கிடையாது, மூன்றடுக்குக் கூரை. நடுவே நான்கு பெருந்தூண்கள். அதில் ஒன்று மரச் சிராய்களைச் சேர்த்துக் கட்டியது என்று ஊர் சொல்கிறது. முன்மண்டபத்தில் எட்டுத் தூண்கள் மஜபாகித் அரண்மனையிலிருந்து வந்தவை என்பார்கள். இந்து அரசு சாய்ந்தபின் அதன் தூண் பள்ளிவாசலின் திண்ணையைத் தாங்குகிறது. நாங்கள் போன நேரம் ஜியாரத்துக்கு வந்த கூட்டம் நெரித்ததால் அதிகம் நிற்க முடியவில்லை.

கூடுஸ் போய்ச் சேர்ந்தபோது அசர் தொழுகை நேரம். அல்குத்ஸ் என்ற ஜெருசலேமின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். கடைத்தெரு திரும்பியதும் அது எதிரே நின்றது. நான் வண்டிக்குள்ளேயே எழுந்து நிற்கப் பார்த்தேன். சதுர அடி, சிவந்த செங்கல், அடுக்கடுக்காக உள்வாங்கி மீண்டும் வெளியே விரியும் விளிம்புகள், கிட்டத்தட்ட 18 மீட்டர் உயரம். எலியட் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான எங்கள் ஊர்க் கோபுரத்துக்கு இது உறவு என்று சொல்ல ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. கண்ணுக்கு உறவாகத்தான் இருந்தது. நானா ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கிழக்கு ஜாவாவின் கோயில்களுக்கு உரிய அடி, உடல், தலை என்ற பிரிவு இதிலும் அப்படியே இருக்கிறது. தெய்வ உருவம் வர வேண்டிய மாடங்கள் வெறுமையாக இருக்கின்றன. சுவரில் நீல ஓவியம் தீட்டிய பீங்கான் தட்டுகள் பதித்திருக்கிறார்கள். உச்சியில் மரக்கூரைக்குக் கீழே பேடுக் என்ற பெரிய முரசு. தொழுகை நேரத்தை முரசால் அறிவித்துப் பிறகு பாங்கு சொல்வது ஜாவாவின் வழக்கம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நகரா அடித்ததை நானா சொன்னார். பாங்கு சொல்பவரை நாம் மோதினார் என்போம், அவர்கள் மோதின் என்கிறார்கள்; அரபியிலிருந்து இரு கரைக்கும் வந்த சொல்.

பள்ளியின் மிஹ்ராபுக்கு மேலே உள்ள கல்வெட்டு ஹிஜ்ரி 956 என்று ஆண்டு சொல்கிறது, கி.பி. 1549. கட்டியவர் ஜாபர் சாதிக், மக்கள் வழக்கில் சூனான் கூடுஸ். ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய ஒன்பது வலிமாரில் ஒருவர். ஊரில் இந்துக்கள் அதிகம் இருந்ததால் பசுவை அறுக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாக மரபு. அன்றிரவு சாப்பிட்ட சோத்தோ என்ற சாற்றில் எருமைக் கறி என்று கடைக்காரம்மா சொன்னார். ஏன் என்று பாக் கேட்டதற்கு, “சூனான் சொன்னது” என்றார். நானூற்று எழுபது வருடத்துக்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாதென்று ஒருவர் சொன்ன சொல். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இன்று அங்கே அநேகமாக இல்லை. சொல் அடுப்பில் இருக்கிறது.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் பழைய செங்கல் தொட்டியில் எட்டு நீர்வாய்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கல்முகம். நானா அங்கே ஒளு செய்துவிட்டுத் தொழப் போனார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் தொழுகைக் கூடத்துக்கு உள்ளேயே ஒரு பழைய செங்கல் வாசல் தெரிகிறது. பள்ளியைப் பெரிதாக்கும்போது வாசலை இடிக்காமல் அதைச் சுற்றியே கூடத்தை வளர்த்துவிட்டார்கள். தொழ வருகிறவர்கள் அதன் வழியாகக் குனிந்து போய்வந்தார்கள். அப்படிப்பட்ட வாசலுக்கு அவர்கள் மொழியில் பெயர் காபுரா. கோபுரம்.

தொழுதுவிட்டு வந்து நானா சொன்னார்: “இதை இடிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தியா. நம்ம தர்கா பெரிய மனாராவை யாரு கட்டிக் கொடுத்தா? மராட்டிய ராஜா.” நாகூர் தர்காவின் 131 அடி மனாரா தஞ்சை மன்னர் பிரதாப் சிங் எழுப்பியது. அதே கரையில்தான் புதுவெளிக்கோபுரம் போனது. இரண்டும் எங்கள் ஊரின் சரித்திரம்தான்.

கடைசி நாள் ஜெப்பாராவுக்குப் பக்கத்தில் மன்டிங்கான். சுற்றுலாப் பேருந்து வராத சிறிய பள்ளிவாசல்; 1559இல் கட்டியது. பக்கத்தில் ஜெப்பாராவை ஆண்ட கலிஞாமாட் ராணியின் அடக்கத்தலம். ஜெப்பாரா மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்போன ஊர். அந்தக் கைத்திறனுக்கு இங்கே கல்லில் சாட்சி இருக்கிறது. முன்சுவர் முழுக்க வெளிர்நிறக் கல் பலகைகள் பதித்திருக்கிறார்கள். வட்டம், நீள்வட்டம், உள்ளே தாமரை, கொடி, குன்று, குடிசை. ஒரு பலகையில் வெறும் கொடிதான் சுருண்டு கிடக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் யானை. தும்பிக்கை ஒரு தண்டு, காது ஒரு இலை. பள்ளியில் உயிர் உருவம் ஆகாது என்பதைச் சிற்பி மீறவில்லை. தாத்தன் காலத்திலிருந்து கை பழகிய யானையையும் விடவில்லை.

இந்தப் பலகைகளில் சிலவற்றைப் பிற்காலத்தில் கழற்றியபோது பின்பக்கத்திலும் செதுக்கியிருப்பது தெரிந்தது. மனிதர்கள் நிற்கும் கதைச் சிற்பம். இராமாயணக் காட்சி என்கிறார்கள். பழைய கோயில் பணிக்குச் செதுக்கிய கல்லை எடுத்து, திருப்பி, மறுபக்கத்தில் கொடியும் பூவும் செதுக்கிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். நல்ல கல் கிடைக்காததால்கூட இருக்கலாம். ஆனாலும் உளியை எடுத்துப் பழைய முகங்களைக் கொத்தி எறிய அரை நாள் போதும். அந்தச் சிற்பி அதைச் செய்யவில்லை. இராமனைச் சுவரின் பக்கம் திருப்பிவைத்துவிட்டு மேலே வேலையைப் பார்த்தான். ஜாவாவில் நாங்கள் பார்த்த எல்லாவற்றிலும் அந்தக் கல்லின் கதையைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

யோக்யகர்த்தாவுக்குத் திரும்பும் வழியில் நானா எங்கள் ஊரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். 1856 தொடங்கி நாகப்பட்டினத்து மண்ணில் முந்நூறுக்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலச் சிலைகள் கிடைத்தன. உச்சந்தலையில் தீச்சுடர் எழும் புத்தர்கள். அப்படி ஒரு சுடரை வார்த்தவர்கள் நம் ஊர்க் கன்னார்கள். சோழர் காலத்து நடராசரை வார்த்ததும் அதே தொழில், அதே மெழுகு, அதே வண்டல் மண். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் புத்தர்களில் பலர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் இருக்கிறார்கள். சென்னை போகிறவர்கள், முக்கியமாக நாகப்பட்டினத்துப் பெற்றோர்கள், பிள்ளைகளை ஒரு முறையாவது அங்கே கூட்டிக்கொண்டு போய், இது நம் ஊரில் செய்தது என்று காட்டுங்கள்.